மாடி வீட்டில் விறகடுப்பு: புகையை வழியனுப்பும் முறை

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளினூடே ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தாய்மார் பலர். அவர்கள் பறித்த பச்சைக் காய், ‘ஸ்டோர்’ என்று வழங்கும் உலர்த்தும் கூடத்திற்குப் போய்ச் சேருகிறது. இந்நாளில் இயந்திர உலர்த்திகள் பல வந்துவிட்டன. எனினும் விறகினால் இயங்கும் பழைய ஸ்டோரின் அமைப்பு நாம் ஊன்றிப் பார்த்தற்குரியது.

விறகு எரியும் உலையின் வாய், கூடத்திற்கு வெளியே இருக்கும். உலையிலிருந்து புறப்படும் புகை தகரக் குழாய்களின் உள்ளேயே கூடத்தைச் சுற்றி வந்து, முடிவில் கூரைக்கு மேலே நிற்கும் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். குழாயின் சூடு மட்டும் கூடத்தில் தங்கும். தட்டுகளில் பரப்பிய காய், 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் உலர்ந்து, நூற்றுக்கு 80 பங்காயிருந்த ஈரம் 10 பங்களவிற்குக் குறைகிறது. குழாயில் ஓர் இணைப்பு விட்டுப் புகை கசிந்தாலும் காயில் புகை நாற்றம் ஏறிவிடும். பச்சை நிறம் மங்கும். போடிநாயக்கனூர் ஏலத்தில் விலை விழும். ஆதலின் தோட்டக்காரர் ஒவ்வொரு பருவத்திலும் குழாயைத் தட்டிப் பார்த்து, கரியை அகற்றி, இணைப்பை அடைத்த பின்னரே உலையைப் பற்ற வைக்கிறார்.

அந்தக் காயைப் பறித்த தாய் மாலையில் வீடு திரும்பி, ஊதாங்குழலும் கையுமாகத் தன் அடுப்பின்முன் குனிகிறாள். அங்கே புகைக்கு வழி உண்டா? காய்க்குச் செய்யும் காவலை அவளுக்கும் செய்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். சிறப்பாக, நம் ஊர்களில் மாடிமேல் மாடியாக வீடுகள் எழுந்துவரும் இக்காலத்தில், கீழ்த்தளத்து விறகடுப்பின் புகையைத் தீங்கின்றி மேலே கொண்டுசெல்லும் முறையை இங்கே ஆராய்வோம்.

விறகடுப்பு மறைந்துவிடவில்லை

தமிழக அரசு 2007-ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் ஏழை எளியோர் இல்லங்களுக்கு எரிவாயுவைக் கொண்டு வந்தன. இது பெரும் நன்மை. ஆயினும் உருளை வந்த வீட்டிலும் விறகடுப்பு ஒரு மூலையில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, விசேஷ நாளில் பெரிய பாத்திரச் சமையல், விற்பனைக்குப் பலகாரம் ஆகியவற்றிற்கு விறகே கைகொடுக்கிறது. தென்னை மட்டை, பாளை, சிரட்டை, மாந்தோப்பில் கழித்த கிளை ஆகியவை நம் பள்ளத்தாக்கில் எளிதாகக் கிடைக்கின்றன. இருக்கும் அடுப்பை இல்லை என்று எண்ணிக்கொண்டு வீடு கட்டுவதால்தான் இடர் விளைகிறது.

ஒரு மாடி வீட்டில் கண்டது

பள்ளத்தாக்கிலுள்ள ஓர் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று, மூன்று தளம் கொண்ட வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, முறுக்கும் அதிரசமும் செய்து விற்று வந்தது. நாம் ஒருமுறை அங்குச் சென்று கணக்கேடுகளையும் தவணை அட்டையையும் பார்த்துத் திருப்தியுடன் திரும்பினோம். அடுப்பின்மேல் செருகியிருந்த தகரக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று நாம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அது சன்னல் வழியே வெளியேறி, இரண்டு முழம் மேலே சென்று, முதல் மாடிச் சன்னலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. ஆடி மாதக் காற்று வீசத் தொடங்கியதும், மாடியில் குடியிருந்தோர் வீட்டுக்குள் புகை புகுந்தது. அங்கே கைக்குழந்தை ஒன்று இருந்தது, இருமல் நிற்கவில்லை. பேச்சு முற்றிச் சண்டையாயிற்று. சண்டைக்கு அஞ்சிய குழுவினர் குழாயைக் கழற்றிவிட்டு, சன்னலை அடைத்து, புகையை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்றைச் சுவரில் பொருத்தினர். மின்சாரம் நின்ற ஒரு பிற்பகலில் அறையில் இருந்தோர்க்குத் தலைவலியும் குமட்டலும் உண்டாயின. ஒருவர் மயங்கி விழுந்தார். நல்வேளையாகத் திண்ணைக்குத் தூக்கி வந்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றமையால் பிழைத்தார். ஏட்டைப் பார்த்த கண் குழாயைப் பார்க்காமற்போனது நம் பிழையே. அன்றுமுதல் நாம் எந்தச் சமையற்கூடத்திற்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறோம்.

புகையில் இருப்பது யாது?

விறகு முற்றும் எரிந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். காற்றுப் போதாமலோ விறகு ஈரமாகவோ இருந்தால் எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் நுண்ணிய கரித்துகள்களும் மிகும். துகள் கண்ணை உறுத்தும், நெஞ்சில் படியும். நச்சு வாயுவோ நிறமும் மணமும் அற்றது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதைப்போல் இருநூறு மடங்குக்கும் மேலான வலிவுடன் இதனைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே, ‘புகை கண்ணில் படவில்லை, தணல்தானே இருக்கிறது’ என்று கருதுவது தவறு. தணலிலிருந்தே இவ்வாயு மிகுதியாக எழுகிறது. மலையூர்களில் குளிருக்காகக் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் விடியுமுன் இறந்த செய்திகளை நாளேடுகளில் படிக்கிறோம், காரணம் இதுவே.

வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் 2,37,000-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிறையாத குழந்தைகள்.

முன்னோர் செய்த முயற்சி

இந்தத் தீங்கை நம் நாட்டுப் பெரியோர் முன்னரே உணர்ந்தனர். 1934-ஆம் ஆண்டில் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராயிருந்தவர் தமிழரான ஜே. சி. குமரப்பா. பிற்காலத்தில் நம் அண்டை மாவட்டமாகிய மதுரையின் தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தவர் அவர். அச்சங்கத்தின் இருப்பிடமாகிய வார்தா மகன்வாடியிலிருந்து, புகைபோக்கியுடன் கூடிய ‘மகன்’ அடுப்பு பரவியது. பின்னர் ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு, மண்ணாலேயே கட்டக்கூடிய புகையில்லா அடுப்பை வகுத்தார். அதனை விளக்கி 1953-ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஆங்கில நூல் சென்னையிலிருந்தே வெளிவந்தது. 1980-களில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் இந்த வழியில் வந்ததே.

அந்த அடுப்புகள் பல நெடுநாள் நிலைக்கவில்லை. குழாய் அடைபட்டபோது துப்புரவு செய்வார் இல்லை. உடைந்தபோது மாற்றுவார் இல்லை. காற்று திரும்பியபோது புகை வீட்டுக்குள்ளேயே வந்தது. அடுப்பைக் கட்டிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பது அத்திட்டம் நமக்கு விட்டுச்சென்ற பாடம். குழாய் ஏன் இழுக்கிறது, ஏன் திருப்பி விடுகிறது என்பதை வீட்டார் அறிந்திருத்தல் வேண்டும்.

குழாய் எவ்வாறு இழுக்கிறது?

சூடான காற்று இலேசானது, ஆதலால் மேலெழும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.16 கிலோ. 150 டிகிரியில் அது 0.83 கிலோவாகக் குறைகிறது. இந்த எடை வேறுபாடே இழுவிசையைத் தருகிறது. 4 மீட்டர் உயரக் குழாய் நிறைய இத்தகைய சூடான புகை இருந்தால், இழுவிசை ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் நீரின் அழுத்தத்திற்கு ஈடாகும்.

‘அப்படியானால் மூன்று மாடிக்குமேல் 10 மீட்டர் குழாய் வைத்தால் இழுவை தானே மிகும்’ என்று எண்ணத் தோன்றும். சூடு குறையாதவரை அது மெய். மெல்லிய தகரக் குழாயை வெளிச்சுவர் ஓரமாக நிறுத்தினால் புகை வழியிலேயே குளிர்ந்துவிடும். சராசரிச் சூடு 60 டிகிரியாக இறங்கிவிட்டால், 10 மீட்டர் குழாயின் இழுவிசை 1 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதாவது சூடான 4 மீட்டர் குழாயினும் குறைவு. மேலும், குளிர்ந்த புகையிலுள்ள நீராவியும் தாரும் குழாயின் உட்புறத்தில் பிசின்போல் படிந்து, பின்னொருநாள் தீப்பற்றும். ஆகையால் உயர்ந்த கட்டடத்தில் குழாயின் நீளத்தைப் போலவே அதன் சூட்டைக் காப்பதும் இன்றியமையாதது.

இனி, நம் பள்ளத்தாக்கிற்கே உரிய இடர் ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவத்தில், ஆனி முதல் ஆவணி வரை, மலைக் கணவாய்களின் வழியே காற்று பெருவேகத்துடன் இறங்கி வருகிறது. ஆண்டிபட்டிப் பக்கத்தில் காற்றாலைகள் நிற்பதற்கும் இக்காற்றே காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், புகை எம்மாத்திரம்? மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு தடையின்மேல் நேரே மோதும்போது, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீருக்கு ஈடான அழுத்தம் உண்டாகிறது. இது நாம் மேலே கணக்கிட்ட இழுவிசையினும் நான்கு மடங்குக்கு மேல். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மறைவிலோ, தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ, அடுத்த வீட்டின் உயர்ந்த சுவரை ஒட்டியோ குழாயின் வாய் இருந்தால், சுழன்று இறங்கும் காற்று புகையைக் கீழே தள்ளிவிடும். தென்றல் வீசும் மாதத்தில் நன்றாக இயங்கிய அடுப்பு ஆடியில் மக்கர் செய்வதன் மர்மம் இதுதான்.

அமைக்கும் முறை

மேற்கூறிய காரணங்களை மனத்திற்கொண்டு, கொத்தனாரும் வீட்டாரும் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. அடுப்புக்குரிய குழாயின் பாதையை, வீட்டுப் படம் வரையும்போதே ஒதுக்குக. கட்டிய வீட்டில் சன்னலை உடைத்துச் செருகும் குழாய் ஒருபோதும் செம்மையாக அமையாது. குழாய் கீழ்த்தளத்திலிருந்து மொட்டை மாடிவரை நேராகச் செல்லட்டும். செங்கல்லாற் கட்டிய தனிக் கூட்டுக்குள் அது செல்லுமாயின் சூடும் காக்கப்படும். மேல்தளத்தார் தொட்டுச் சுட்டுக்கொள்ளும் இடரும் இராது. மாடிப்படி, மின்தூக்கி, மின்கம்பிகள் செல்லும் கூடுகளுக்குள் குழாயைக் கொண்டு செல்லலாகாது.

2. வீட்டுச் சிறு அடுப்புக்கு 10 சென்டிமீட்டர் விட்டம் போதும். பெரிய அடுப்பாயின், அடுப்பின் புகைவாய் எவ்வளவோ அவ்வளவிற்குக் குறையாதிருக்க வேண்டும். மேலே செல்லச் செல்ல குறுகலாகாது. வளைவு தவிர்க்க முடியாதாயின் இரண்டுக்கு மேல் வேண்டா. அவையும் செங்கோணமாக மடங்காமல் சாய்வாக அமைக. கிடையாகச் செல்லும் பகுதி குறுகியதாகவும், மீட்டருக்கு 2 சென்டிமீட்டரேனும் மேல்நோக்கி ஏறுவதாகவும் இருத்தல் நன்று.

3. ஓர் அடுப்புக்கு ஒரு குழாய். கீழ்வீட்டுக் குழாயில் மேல்வீட்டாரும் தம் அடுப்பை இணைத்தால், ஒருவர் அடுப்பை மூட்ட மற்றவர் அறையில் புகையும் நச்சு வாயுவும் நிறையும். அடுப்பு அணைந்திருக்கும் வீட்டில் உறங்குவோர்க்கு இதனால் உயிருக்கே ஆபத்து.

4. சுட்ட மண்குழாயோ தடித்த இரும்புக் குழாயோ பயன்படுத்துக. பி.வி.சி. குழாய் 80 டிகிரியளவிலேயே இளகிவிடும்; அதனை நினைக்கவே வேண்டா. பழைய அடுப்புகளில் வைத்த கல்நார்ச் சிமெண்டுக் குழாய் எஞ்சியிருப்பின், அதை உடைத்தோ அறுத்தோ தூசி எழுப்புதல் கூடாது. கல்நார்த் தூசி நுரையீரலுக்குக் கேடு.

5. தகரக் குழாய்க்கும் மரம், கீற்று, துணி போன்றவற்றிற்கும் இடையே 45 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். குழாய் தளத்தையோ கூரையையோ ஊடுருவும் இடத்தில் எரியாத பொருளாலான வளையம் அமைக்க. மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருப்போர், அதனூடே குழாயைக் கொண்டு செல்வது தீயை விருந்துக்கு அழைப்பதாகும்.

6. குழாயின் வாய், தளத்திற்கு மேல் 3 அடிக்குக் குறையாமலும், சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள எந்தச் சுவரையும் தொட்டியையும் மாடிப்படிக் கூட்டையும்விட 2 அடியேனும் உயர்ந்தும் நிற்க வேண்டும். காற்று மிகுந்த நம் பகுதியில் இதற்கு மேலும் சற்று உயர்த்துதல் நலம். மழை புகாதவாறும் காற்று பக்கவாட்டில் ஊடுருவிச் செல்லுமாறும் மூடி அமைக. உயர்ந்த குழாயைக் கம்பியால் இழுத்துக் கட்டுக. அண்டை வீட்டுச் சன்னல் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க மறத்தலாகாது.

7. வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். அடுப்பங்கரையில் தரையருகே மூட முடியாத ஒரு துளை விடுக. அடைத்த அறையில் மின்விசிறி காற்றை வெளியே தள்ளுமாயின், அது குழாயினும் வலிவுடன் இழுத்துப் புகைபோக்கியின் வழியாகவே காற்றையும் புகையையும் அறைக்குள் கொண்டுவந்துவிடும். புகைபோக்கி உள்ள அறையில் இத்தகைய விசிறி துணையாவதற்கு மாறாகப் பகையாவது இவ்வாறே.

எங்கே வைக்கவே கூடாது?

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 18.30 மீட்டருக்கு மேற்பட்டவற்றை உயரக் கட்டடம் என வகுக்கின்றன. அத்தகைய கட்டடங்களிலும், பல குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், தனிப் புகைபோக்கி அமைக்க வழியில்லாத மாடி அறைகளிலும் விறகடுப்பு, கரியடுப்பு, கரியிட்டு மூட்டும் செம்புப் பாய்லர் ஆகியவற்றை வைக்கவே கூடாது. அங்கே எரிவாயுவும் மின் அடுப்பும் கூரைமேல் சூரிய வெந்நீர்க் கலமுமே தக்கவை. பெரிய சமையல் வேண்டுமாயின் தரையில், வெட்டவெளியில், சன்னல்களுக்கு எட்டாத தொலைவில் அடுப்பு மூட்டலாம்.

பராமரிப்பும் எச்சரிக்கையும்

புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறையப் பாதி நீர். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வெப்பம் வீணாகிறது, குழாயும் சூடேறாது. ஆகவே விறகை மழை படாமல் அடுக்கி, நன்கு உலர்ந்த பின் எரிக்க வேண்டும்.

ஆண்டிற்கு இருமுறை, ஆனி பிறக்குமுன் ஒன்றும் மார்கழிக்கு முன் ஒன்றுமாக, குழாயைத் துப்புரவு செய்க. நாள்தோறும் எரியும் தொழிலடுப்பாயின் மாதந்தோறும் பார்த்தல் வேண்டும். படிவு 3 மில்லிமீட்டர் கனத்தை எட்டுமுன் சுரண்டிவிடுக. குழாயின் அடியில் திறந்து மூடும் வாய் ஒன்று இருந்தால் இவ்வேலை எளிது.

அடுப்பை மூட்டுமுன் ஊதுபத்தியைக் கொளுத்திப் புகைவாயின் அருகே பிடிக்க. புகை உள்ளே இழுக்கப்பட்டால் மூட்டலாம். வெளியே திரும்பினால், ஒரு தாளையோ காய்ந்த பாளையையோ குழாயின் அடியில் எரித்துச் சூடேற்றிப் பார்க்க. அப்போதும் திரும்பினால் அன்று அவ்வடுப்பை மூட்ட வேண்டா.

குழாயினுள் இரைச்சல் கேட்டு, அது செந்நிறமாகக் காய்ந்தால் உள்ளே தீப்பற்றியுள்ளது என அறிக. நீரை ஊற்றினால் குழாய் வெடிக்கும். அடுப்பின் காற்றுவாயை அடைத்து, எல்லாத் தளத்தாரையும் வெளியேற்றி, 101 என்னும் எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழைக்க. அடுப்பு எரியும் அறையில் ஒருவருக்கு மேற்பட்டோர்க்கு ஒரே வேளையில் தலைவலியோ குமட்டலோ தோன்றினால், நோய் என்று படுக்க வைக்காமல் உடனே திறந்தவெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க.

முடிவுரை

நாம் மேலே கூறிய குழுவினர் இப்போது அதே வீட்டில்தான் தொழில் செய்கின்றனர். வீட்டுக்காரரின் இசைவுடன், வீட்டின் பின்புறம் செங்கற் கூடு எழுப்பி, குழாயைத் தொட்டிக்கும் மேலாக உயர்த்தினர். அடைத்த சன்னலைத் திறந்தனர். அதற்கான செலவு, அவர்கள் ஒரு மாதம் செலுத்தும் கடன் தவணையினும் மிகவில்லை. வேலையைச் செய்த கொத்தனார், ஏல ஸ்டோர்களுக்குக் குழாய் பூட்டிப் பழகியவர்! மலைமேல் அவரிடம் இருந்த அறிவு, மலையடிவாரத்து அடுப்பங்கரைக்கு அதுவரை அழைக்கப்படவில்லை, அவ்வளவே.

ஒவ்வோர் ஊராட்சியிலும் இத்தகைய கைத்திறன் உடையோர் இருக்கின்றனர். மகளிர் குழுக்கள் அவர்களை அழைத்து ஒரு பிற்பகல் பேசச் செய்யலாம். வீட்டுப் படத்தைப் பார்வையிடும் அலுவலர்கள், ‘வெந்நீர் எங்கே காய்ச்சுவீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்கலாம். கிராம சபையில் ஆனி மாதத்தைக் குழாய் துப்புரவு மாதமாக ஏற்றுக்கொள்ளலாம். காய் புகை நாறினால் விலை குறையும் என்று அஞ்சிக் காவல் செய்கிறோம். அக்காயைப் பறிக்கும் கைகளுக்குரியவர் மூச்சுக்கும் அதே காவலைச் செய்வது நம் கடமை.